இந்திய சிம்மைக் கழற்றாமல் வெளிநாடு போய்வர: இ-சிம், சாதா சிம் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

சாங்கி விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் அம்மாவிடம் தோட்டைக் கழற்றச் சொல்லி, அதன் கம்பியால் என் போனின் சிம் தட்டை வெளியே தள்ளினேன். உள்ளே இருந்த இந்திய சிம்மை ஒரு டிஷ்யூவில் மடித்து பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிட்டு, கவுன்ட்டரில் வாங்கிய சுற்றுலா சிம்மைப் போட்டேன். நெட் வந்தது, மேப் வந்தது, எல்லாம் சரி. நான்காம் நாள் மலாக்காவில் ஓட்டலுக்கு ஆன்லைனில் பணம் கட்டும்போது வங்கி ஓடிபி கேட்டது. உறையைத் திறந்தால் டிஷ்யூ இல்லை. 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர் துண்டு அது, எங்கே போய்த் தேடுவது? மீதி நாட்கள் முழுக்க சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு பணமும் கட்டினோம்.

அதற்குப் பிறகு வீட்டில் யார் வெளிநாடு கிளம்பினாலும் ஒரே விதியைத்தான் சொல்கிறேன். இந்திய சிம் போனைவிட்டு வெளியே வரவே கூடாது. நெட்டுக்கு இ-சிம் (துண்டு ஏதும் போடாமல் போனுக்குள்ளேயே பதிவிறக்கிக்கொள்ளும் சிம்), ஓடிபிக்கு ஊர் சிம், இரண்டும் ஒரே போனில், ஒரே நேரத்தில். இதை வீட்டிலேயே உட்கார்ந்து அரை மணி நேரத்தில் அமைத்துவிடலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர், மலேசியா என்று பத்து நாள் போய்வரும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு நாடென்றாலும் அமைக்கும் முறை இதேதான்.

ஊர் சிம் ஏன் உள்ளேயே இருக்க வேண்டும்

வங்கி ஓடிபி ஒரு காரணம். யுபிஐ இன்னொன்று. யுபிஐ செயலிகள் உங்கள் எண்ணை உறுதிசெய்வது, அந்த சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் அனுப்பித்தான். சிம்மைக் கழற்றினால் சில செயலிகள் மறுபடியும் பதிவுசெய்யச் சொல்லும். வெளிநாட்டிலிருந்து அந்த எஸ்எம்எஸ் போய்ச் சேர்வது பெரும்பாடு. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும், பதிவுசெய்த சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆக, சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது.

முதல் படி: உங்கள் போனில் இ-சிம் இருக்கிறதா?

டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அழுத்துங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்களோடு, இ-சிம்மின் அடையாளமான இஐடி என்று 32 இலக்க எண் ஒன்று வந்தால் உங்கள் போனில் இ-சிம் உண்டு. வராவிட்டால் பெரும்பாலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி இந்த வசதி இருக்கிறது. 13 முதல் இரண்டு இ-சிம்களை ஒரே நேரத்தில் ஓட்டலாம். கூகுள் பிக்சல், சாம்சங் எஸ் வரிசையின் புது மாடல்களிலும் உண்டு. குறைந்த விலை ஆண்ட்ராய்டுகளில் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் *#06#-ஐத்தான் நம்ப வேண்டும்.

போனை எங்கே வாங்கினீர்கள் என்பதும் முக்கியம். சீனாவில் விற்கும் வழக்கமான ஐபோன்களில் இ-சிம் கிடையாது, இரண்டு சாதா சிம் போடும் தட்டுதான் இருக்கும். அமெரிக்காவில் 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அதற்கு நேர்மாறு: சிம் தட்டே இல்லை. அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ அனுப்பிய போன் என்றால், அது அங்குள்ள நிறுவனத்தோடு பூட்டப்பட்டதா என்றும் பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் ‘கேரியர் லாக்’ என்ற வரி இருக்கும். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்றிருந்தால் கவலையில்லை.

இரண்டாம் படி: எதை எதில் வைப்பது?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இரண்டு வழிகள் உண்டு. ஊர் எண்ணை சாதா சிம்மிலேயே விட்டுவிட்டு, பயணத்துக்கு இ-சிம் வாங்கலாம். அல்லது ஊர் எண்ணை இ-சிம்மாக மாற்றிவிட்டு, காலியான தட்டில் போகிற நாட்டின் சிம்மைப் போடலாம்.

இரண்டாவது வழிக்கும் நியாயம் இருக்கிறது. போனைத் திருடுபவன் இ-சிம்மைப் பிடுங்கி வேறு போனில் போட்டு உங்கள் ஓடிபியைப் படிக்க முடியாது. தோட்டுக் கம்பியும் டிஷ்யூவும் தேவைப்படாது. ஆனால் வெளிநாட்டில் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டால்? சாதா சிம் என்றால் கழற்றி உடன் வந்தவரின் போனில் போட்டு அடுத்த நிமிடமே ஓடிபி வாங்கலாம். இ-சிம் அந்த உடைந்த போனுக்குள்ளேயே கிடக்கும். அதை வேறு போனுக்கு மாற்றுவதற்கே அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வர வேண்டும் என்பார்கள். அதனால் சுற்றுலா போகிறவர்களுக்கு என் தீர்ப்பு முதல் வழிதான்: ஊர் எண் சாதா சிம்மில், பயண நெட் இ-சிம்மில்.

திருட்டு பயத்துக்கு ‘சிம் பின்’ என்ற ரகசிய எண்ணை சிம்முக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போனை அணைத்துப் போட்டாலோ, சிம்மை வேறு போனில் போட்டாலோ அந்த நான்கு இலக்கம் கேட்கும். பின்னைப் போடும்போது முதலில் பழைய பின்னைக் கேட்கும். அது உங்கள் நிறுவனத்தின் இயல்பு எண், வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊகித்து அழுத்த வேண்டாம். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும்.

ஊர் எண்ணை இ-சிம்மாக மாற்றியே தீர வேண்டும் என்றால், கிளம்புவதற்கு முந்தின நாள் மட்டும் செய்யாதீர்கள். சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2022-ல் தொலைத்தொடர்புத் துறை சொல்லியிருக்கிறது. மோசடியைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு நாள் நீங்கள் விமான நிலையத்தில் இருந்தால் திண்டாட்டம்.

மூன்றாம் படி: ஊர் சிம்மைத் தயார்செய்வது (ஒரு வாரம் முன்பே)

ப்ரீபெய்ட் என்றால் ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். 28 நாள் திட்டம் பயணத்தின் நடுவில் முடிந்தால் அங்கே போய்த் தவிக்க வேண்டும். திரும்பிவந்து ஒரு வாரம் வரை தாங்கும்படி போட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்கள் நிறுவனத்தின் செயலியில் சர்வதேச ரோமிங் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாவிட்டால் வெளிநாட்டில் உங்கள் சிம்முக்கு நெட்வொர்க்கே பிடிக்காது, ஓடிபியும் வராது. ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு எங்கள் வீட்டு எண்கள் எதிலும் காசு பிடித்ததில்லை. ஆனாலும் ரோமிங் பேக் ஏதும் போடாமலேயே எஸ்எம்எஸ் வருமா, குறைந்தது ஒரு சிறிய பேக்காவது வேண்டுமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். வாடிக்கையாளர் சேவையில் இந்த ஒரு கேள்வியை மட்டும் நேராகக் கேளுங்கள்: “நான் நெட் பயன்படுத்த மாட்டேன், பேச மாட்டேன், வங்கி எஸ்எம்எஸ் மட்டும் வர வேண்டும். என்ன செய்ய வேண்டும்?”

அழைப்புகள் வேறு கதை. பேக் இல்லாமல் ரோமிங்கில் வருகிற அழைப்பை எடுத்தாலும் நிமிடக் கணக்கில் காசு போகும். சொந்தக்காரர்களிடம் “வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கால் ஃபார்வர்டிங் ஏதாவது போட்டிருந்தால் ##002# அழுத்தி எடுத்துவிடுங்கள். நீங்கள் எடுக்காத அழைப்பை வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பிவிட்டு, அதற்கும் கட்டணம் போடும் வாய்ப்புண்டு.

வங்கிப் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும், பல கார்டுகளில் அது இயல்பாக மூடியே இருக்கும். ஓடிபி வந்தும் பணம் போகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நான்காம் படி: பயண இ-சிம் வாங்குவது

உங்கள் இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கையே நெட்டுக்கும் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். மூன்று நாள் பயணத்துக்கு, தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு அது சரி. ஒரு வாரத்துக்கு மேல், குடும்பத்தோடு என்றால் இ-சிம்தான் கட்டுப்படியாகும்.

இ-சிம் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. சிங்கப்பூரின் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போலவோ மலேசியாவின் மேக்சிஸ், செல்காம்டிஜி போலவோ அந்தந்த நாட்டு நிறுவனம் தருவது ஒன்று. அதற்குப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும், உள்ளூர் எண்ணும் கிடைக்கும். பல நாடுகளுக்குச் சேர்த்து விற்கும் பயண நிறுவனங்களுடையது இன்னொன்று. அதில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், எண் இருக்காது. இந்தியாவில் வெளிநாட்டு சிம்களை விற்க தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை செயலிகள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதனால் அனுமதி பெற்ற விற்பனையாளரா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் முன் நான் பார்க்கும் விஷயங்கள் நான்கு. நாட்கள் எப்போது எண்ணத் தொடங்குகின்றன, பதிவிறக்கியதுமா, அங்கே போய் நெட்வொர்க் பிடித்ததுமா? ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா? ‘அன்லிமிடெட்’ என்றால் ஒரு நாளில் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறைகிறது? எந்த உள்ளூர் நெட்வொர்க்கில் ஓடும்? கடைசிக் கேள்விக்கான பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எத்தனை ஜிபி? மேப், வாட்ஸ்அப், டாக்சி செயலி, இரவில் ஊருக்கு ஒரு வீடியோ கால் என்றால் எனக்கு ஒரு நாளைக்கு அரை ஜிபி போதும். ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகள் கூட வந்தால் அந்தக் கணக்கு நிற்காது.

சிங்கப்பூரும் மலேசியாவும் போகிறீர்கள் என்றால் இரண்டு நாட்டுக்கும் சேர்ந்த திட்டமாக வாங்குங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிப் பக்கம் நின்றால் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜொகூர் பாரு டவரை போன் பிடித்துக்கொள்ளும். நம் தனுஷ்கோடி முனையில் இலங்கை சிக்னல் வருகிறதே, அதே மாதிரிதான். ஐரோப்பாவுக்கு ஒரு சொல்: ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் 2017 ஜூன் 15 முதல் ஒன்றியம் முழுக்க உள்ளூர்க் கட்டணத்திலேயே ஓடுகிறது. ஆனால் சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. நம் ஊர் டூர் பேக்கேஜ்களில் அது கட்டாயம் இருக்கும் என்பதால், பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்குங்கள்

இ-சிம்மை இறக்க நெட் வேண்டும். நெட் வாங்கவே இ-சிம் வேண்டும் என்ற நிலையில் விமான நிலையத்தில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு, வீட்டு வைஃபையில் செய்யுங்கள். இறக்கியதுமே நாட்கள் ஓடத் தொடங்கும் திட்டம் என்றால் கிளம்பும் அன்று காலையில் செய்யலாம்.

மின்னஞ்சலில் கியூஆர் கோடு வரும். அதை மடிக்கணினியிலோ இன்னொருவர் போனிலோ திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் போனில் செட்டிங்ஸ், மொபைல் சர்வீஸ், ஆட் இ-சிம் என்று போய் ஸ்கேன் செய்யுங்கள். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், சிம் மேனேஜர் என்று போக வேண்டும். வேறு திரை கிடைக்காவிட்டால் மின்னஞ்சலில் கூடவே வரும் எஸ்எம்-டிபி பிளஸ் முகவரியையும் (இ-சிம் எங்கிருந்து இறங்குகிறதோ அந்த சர்வரின் முகவரி) ஆக்டிவேஷன் கோடையும் கையால் அடிக்கலாம். அந்த மின்னஞ்சலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உடன் வருபவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கியூஆர் கோடு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். எனவே பயணம் முடியும்வரை எந்தக் காரணத்துக்காகவும் இ-சிம்மை டெலிட் செய்யாதீர்கள். ‘நெட் வரவில்லை, அழித்துவிட்டு மறுபடியும் போடலாம்’ என்று நினைத்துக் காசை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இறங்கியதும் போன் பெயர் கேட்கும். ‘ஊர்’, ‘பயணம்’ என்று வைத்துவிடுங்கள். ‘பிரைமரி’, ‘செகண்டரி’ என்றே விட்டால் நடுராத்திரியில் விமானம் இறங்கி, தூக்கக் கலக்கத்தில் எது எதென்று தெரியாது.

ஆறாம் படி: நான்கு பொத்தான்கள்

பணம் மிச்சமாவதும் போவதும் இங்கேதான். நிதானமாகச் செய்யுங்கள்.

ஒன்று, மொபைல் டேட்டா எந்த லைனில் என்று கேட்கும் இடத்தில் ‘பயணம்’ என்று வையுங்கள்.

இரண்டு, அதே பக்கத்தில் ‘அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்’ என்று ஒன்று இருக்கும். ஆண்ட்ராய்டில் ‘ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்’. இதை அணையுங்கள். இது இருந்தால், பயண லைன் தடுமாறும் நேரத்தில் போன் தானாகவே ஊர் லைனின் டேட்டாவுக்குத் தாவலாம். நமக்குத் தெரியாமலே பில் ஏறும் வழி இது.

மூன்று, ஊர் லைனுக்குள் போய் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். எஸ்எம்எஸ் வருவதற்கு இது தேவையில்லை. டேட்டா ரோமிங் அணைந்திருந்தாலும் ஓடிபி வரும்.

நான்கு, பயண லைனுக்குள் போய் டேட்டா ரோமிங்கை இயக்குங்கள். இங்கே எல்லோருக்கும் கை நடுங்கும். ‘ரோமிங் என்றாலே காசு போகுமே’ என்று இரண்டிலும் அணைத்துவிட்டு, நெட் வரவில்லை என்று போன் செய்வார்கள். விஷயம் இதுதான்: நீங்கள் சிங்கப்பூருக்கென்று வாங்கிய இ-சிம் உண்மையில் ஹாங்காங் நிறுவனத்தின் சிம்மாகவோ போலந்து நிறுவனத்தின் சிம்மாகவோ இருக்கலாம். அது சிங்கப்பூரில் விருந்தாளியாகத்தான் ஓடுகிறது. ரோமிங் இல்லாமல் அதற்கு நெட்டே கிடையாது. கட்டிய பணத்துக்கு மேல் அதிலிருந்து எதுவும் எடுக்க முடியாது, முன்பணத் திட்டம்தானே.

இப்படி ரோமிங்கில் ஓடும் இ-சிம்மின் நெட், அந்த சிம்மின் சொந்த நாடு வழியாகச் சுற்றிவருவதால் சீனாவில் ஒரு நன்மை உண்டு. அங்கே உள்ளூர் சிம்மில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. வெளிநாட்டு இ-சிம் ரோமிங்கில் ஓடும்போது திறக்கும்.

ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று. புது லைன் சேர்த்ததும் ஐமெசேஜுக்கும் ஃபேஸ்டைமுக்கும் எந்த எண் என்று கேட்கும், ‘ஊர்’ என்றே விடுங்கள். அடிக்கடி மாற்றினால் போன் தானாகவே வெளிநாட்டுக்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும், அதற்குக் கட்டணம் உண்டு. வாட்ஸ்அப் ‘எண்ணை மாற்றவா?’ என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: விமானத்திலும் இறங்கியதும்

விமானத்தில் ஏரோப்ளேன் மோட் கட்டாயம். சில விமானங்களுக்குள்ளேயே ஒரு மொபைல் நெட்வொர்க் இருக்கும், ரோமிங் இயக்கத்தில் உள்ள சிம் அதைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் எகிறும். சொகுசுக் கப்பல்களிலும் இதே ஆபத்து.

இறங்கியதும் ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். ஊர் லைனுக்கு உங்கள் இந்திய நிறுவனத்திடமிருந்து ‘சிங்கப்பூருக்கு நல்வரவு’ என்ற மாதிரி ஓர் எஸ்எம்எஸ் வரும். அது வந்துவிட்டால் ஓடிபியும் வரும் என்று நிம்மதியாக இருக்கலாம். பயண லைனில் ஏதாவது பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். விமான நிலைய வைஃபை இருக்கும் இடத்திலேயே இதைச் சோதியுங்கள், டாக்சி ஏறிய பிறகல்ல.

நெட் வரவில்லை என்றால்

போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். அடுத்து நான்காவது பொத்தானைப் பாருங்கள். அதுவும் சரி என்றால், நெட்வொர்க் செலக்‌ஷனில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு, தாளில் எழுதி வைத்த உள்ளூர் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். அப்படியும் வராவிட்டால், நெட்டோடு இணைய போனுக்குத் தேவையான ஏபிஎன் என்ற பெயரை செட்டிங்ஸில் சரிபாருங்கள். விற்பனையாளரின் மின்னஞ்சலில் ஒரு சிறிய சொல்லாக அது இருக்கும், எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும்.

ஓடிபி வரவில்லை என்றால் இதே வேலையை ஊர் லைனில் செய்யுங்கள். சிங்டெல்லில் நிற்கிறதென்றால் ஸ்டார்ஹப்புக்கு மாற்றிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது, வங்கிச் செய்தி சில நேரம் அங்கே ஒளிந்திருக்கும்.

இ-சிம் இல்லாத போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு

இரண்டு சிம் போடும் தட்டு இருந்தால் ஊர் சிம்மை முதல் இடத்தில் விட்டுவிட்டு, இரண்டாவதில் அந்த நாட்டு சிம்மைப் போடலாம். அந்த நான்கு பொத்தான்களும் அப்படியே பொருந்தும். ஒன்று மட்டும் மாறும்: அந்த நாட்டிலேயே வாங்கிய சிம்முக்கு அங்கே ரோமிங் தேவைப்படாது. ஒரே தட்டு, மெமரி கார்டும் அதிலேயே என்றால், உடன் வருபவரின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுப்பதே எளிது. தாத்தா பாட்டியின் பழைய 2ஜி பட்டன் போனை சிங்கப்பூருக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கே 2ஜியை 2017 ஏப்ரலிலேயே மூடிவிட்டார்கள், சிக்னலே வராது.

திரும்பி வந்ததும்

மீனம்பாக்கத்தில் இறங்கி “எனக்கு மட்டும் நெட் வரவில்லை” என்று தேடுபவர்கள் ஒவ்வொரு விமானத்திலும் இருப்பார்கள். டேட்டா இன்னும் ‘பயணம்’ லைனில் நிற்கிறது, அவ்வளவுதான். அதை ‘ஊர்’ லைனுக்கு மாற்றுங்கள், பயண லைனை அணையுங்கள். உடனே டெலிட் செய்ய வேண்டாம். பல நிறுவனங்களில் அதே இ-சிம்மில் அடுத்த பயணத்துக்கும் டாப்-அப் போடலாம். ஐபோனில் எட்டு இ-சிம்களுக்கு மேல் சேமித்து வைக்க இடமிருக்கிறது. ரோமிங் பேக் போட்டிருந்தால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகையா என்று நிறுவனத்தின் செயலியில் பார்த்துவிட்டு, தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.